கடலுக்குள் ஒரு நடைவழி

கடற்றொழில் கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அளவெடுப்பதும் அனுமதி எழுதுவதும் உங்களுக்கு ஏற்கெனவே படிப்பித்திருப்பார்கள். வலைக்கண் எவ்வளவு இருக்கவேண்டும், எதை எப்போது பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் இப்போது உங்கள் கைப்போனிலேயே இருக்கிறது. அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது வேறொன்று. வெயில் சாய்கிற நேரத்தில், முழங்காலளவு தண்ணீருக்குள், இரண்டு பக்கமும் நியாயத்தோடு நிற்கிற சனத்துக்கு நடுவில் ஒரு கடற்றொழில் பரிசோதகர் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்பது. எனக்கு அது ஒரு தடவைதான் நடந்தது. உங்களுக்கு அடிக்கடி நடக்கும் என்று நினைக்கிறேன். காலம் அப்படிப் போகிறது.

அந்தக் கரையின் பேரைச் சொல்லமாட்டேன். தீவுப்பகுதிக்குள், பனைகள் ஐதாகி வெறும் வெளி தொடங்குகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்முதல் போனபோது அதைக் கடல் என்று நம்பவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அலை கிடையாது. தண்ணீர் வற்றுகிற நேரம் நெடுந்தூரம் நடந்து போகலாம், முழங்கால்கூட நனையாது. காலையில் காற்று விழுந்துவிட்டால் வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிடும். எது எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாது. தூரத்தில் நண்டு பொறுக்கப் போன பெண்கள் வானத்துக்குள் நடப்பதுபோலத் தெரிவார்கள். ஆனால் அவர்கள் கதைக்கிற சத்தம் மட்டும் பக்கத்து வளவில் கதைப்பதுபோலக் கேட்கும். யாருக்குப் பல்லுவலி, யாருடைய பெட்டை சோதனையில் பாஸ் என்பதெல்லாம் கரையில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிடும். சில நாட்களில் வேலையை மறந்து அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு வள்ளம் ஒன்றின் விளிம்பில் இருந்திருக்கிறேன்.

கரைக்கு நேரே, அந்தத் தண்ணீரின் மற்றப் பக்கத்தில், ஒரு மணல்திட்டி. அதில் அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கோயில். வருஷத்தில் ஒரு நாள் திருநாள். அன்று பின்னேரம் சுரூபத்தை, அதாவது புனிதருடைய சிலையை, மரக்கூட்டில் வைத்து நாலு பேர் தோளில் தூக்க, ஊர்ச்சனம் முழுவதும் கடலுக்குள்ளால் நடந்தே திட்டிக்குப் போகும். பூசை முடிந்து வள்ளங்களில் திரும்பும். போகும்போது நடப்பதுதான் முறை. அந்த வழிக்கு ஒரு பேர் இல்லை. கால் பட்டுப் பட்டு மண் இறுகிய ஒரு பட்டை அது. தெரிந்தவர்களுக்கு உள்ளங்காலில் தெரியும்.

என்னை அந்த வழியில் முதலில் நடத்திப் போனவர் பிலோமினா அக்கா. நண்டு பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த மனிசி. ஒரு நாள் மத்தியானம் அவருடைய வீட்டில் சாப்பிடச் சொன்னார். குசினிக்குள் இருந்து கடையில் வாங்கிய தகர ரின் மீனில் வைத்த குழம்பு வந்தது. வாசலில் அன்று பிடித்த நண்டு ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன மிஸ் செய்யிறது. நண்டு இப்ப பிளேனில போற ஆள். நாங்கள் திண்டால் கட்டாது" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நண்டு பிளேன் ஏறியதால் ஊர் கெட்டுப்போனது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருக்கிறார்கள். தகரக் கூரைகள் ஓடாக மாறியதை நான் கண்டேன். காலையில் வான் வண்டியில் ஏறி நண்டுச்சதை பிரிக்கிற தொழிற்சாலைக்குப் போன பெட்டையள், பின்னேரம் திரும்பி வந்து கடற்கரையில் தனியாக இருந்து கதைப்பார்கள். சிரிப்பார்கள். தங்கள் கலியாணத்தைப் பற்றித் தாங்களே கதைக்கிற தைரியம் அவர்களுக்கு அந்த வான் வண்டியில்தான் வந்தது. அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பிறகு டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் பிடித்துவைத்திருந்த விலையை விட்டுவிட்டார்கள். சந்தை என்ன சொல்கிறதோ அதுதான் விலை என்றார்கள். ஒரு தடவை தொழிலுக்குப் போய்வருகிற எண்ணெய்க்கே பிடிக்கிற மீன் போதாது என்று ஆனது. ஒவ்வொன்றாக எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள். வள்ளங்கள் கரையில் வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டன. அந்த நாட்களில் அங்கே போனால் ஒரு விநோதமான அமைதி இருக்கும். ஆம்பிளைகள் எல்லோரும் பகலில் ஊரில் இருப்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அப்போதுதான் கடலட்டைப் பண்ணை வந்தது. ஏற்றுமதி செய்து டொலர் கொண்டுவரவேண்டும் என்று மேலிருந்து ஒரே அவசரம். ஆழமில்லாத கடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, தடி நட்டு, வலை சுற்றி, அதற்குள் குஞ்சு அட்டைகளை விட்டு வளர்ப்பது. எங்கள் ஊரில் யாரும் வாயில் வைக்காத ஒரு பிராணி, எங்கோ தூர தேசத்தில் விருந்துச் சாப்பாடாம். குஞ்சு தருவதும் வளர்ந்தபின் வாங்குவதும் ஒரே கொம்பனி. கூட்டம் வைத்தார்கள். பிளாஸ்ரிக் கதிரைகளில் ஊர் முழுவதும் வந்து இருந்தது. கேள்வி கேட்டார்கள், சண்டை பிடித்தார்கள், பிறகு கையும் உயர்த்தினார்கள். திட்டிக்குப் போகிற வழியைப் பற்றி மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை. பிலோமினா அக்காவும் கதைக்கவில்லை. நான் பிறகு அவரிடம் கேட்டேன்.

"கடலுக்கு வேலி வரும் எண்டு ஆருக்குத் தெரியும் மிஸ்? மூச்சு விடுறதுக்கு ஆரும் முன்கூட்டிக் கேட்டு வைக்கிறவையோ?" என்றார்.

துண்டு எடுத்தவர்களில் அவருடைய தம்பி அமலனும் ஒருவன். அவனுடைய துண்டு, வழிக்கு மேலேயே அமைந்தது. இரண்டு பக்கமும் வேறு ஆட்களுடைய துண்டுகள். அதற்கு அங்கால் வள்ளம் ஓடுகிற ஆழமான வாய்க்கால், நடந்து கடக்க முடியாது.

அமலன் தொழிலில் கெட்டிக்காரன். எண்ணெய் விலை ஏறியபோது வெளிநாடு போகத்தான் ஆயத்தப்படுத்தினான். பாஸ்போட்டும் எடுத்துவிட்டான். அக்காதான் மறித்தவர். தாய் பாயோடு கிடந்தா. நீயும் போனால் நான் ஆரோட இருக்கிறது என்று அக்கா அழுதாராம். அவன் நின்றுவிட்டான். நின்றதற்கு ஒரு தொழில் வேண்டும். சிநேகிதர்கள் வெளியிலிருந்து அனுப்பிய உதவியில் பண்ணை தொடங்கினான். தண்ணீருக்கு நடுவில் தடிகள் நட்டு, மேலே ஒரு காவல் கொட்டில் கட்டி, இரவும் பகலும் அதிலேயே இருந்தான். அட்டை களவு போகும் என்பதால் காவல் வேண்டும். நேற்றுவரை எல்லோரும் நடந்த கடலில், இப்போது யாராவது கிட்ட வந்தால் அவன் எழும்பி நிற்பான். அது அவனுக்கே பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை என்னிடம் சொன்னான்: "மிஸ், எங்கட சனத்தைப் பாத்து ஆர் அது எண்டு கேக்கிறன். கேட்டபிறகு எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு."

நண்டு பொறுக்கப் போகிற பெண்கள் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். தமக்கையும் தம்பியும் கதைப்பது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

திருநாள் வந்தது. அமலன், இந்த வருஷம் சனம் வள்ளத்தில் போகும் என்று நினைத்திருந்தான். சனம், அமலன் வேலியை அவிழ்த்துவிடுவான் என்று நினைத்திருந்தது. ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிற சனம் மற்றவன் தானாக உணரவேண்டும் என்று காத்திருக்கும். இதை நீங்கள் நிறையக் காண்பீர்கள்.

வள்ளங்களில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறாமல் பார்க்க நான் அன்று கரையில் நின்றேன். சுரூபம் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாகச் சனம். கையில் மெழுகுதிரி. காற்றில்லை. தண்ணீர் கண்ணாடி. ஒவ்வொருவருக்கும் கீழே தலைகீழாக இன்னொருவர் நடந்துகொண்டு இருந்தார். செபம் சொல்லுகிற சத்தம் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்தது. என்னை அறியாமல் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நான் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை. ஆனாலும் இறங்கினேன்.

வேலிக்கு முன்னால் ஊர்வலம் நின்றது. செபமும் நின்றது.

அமலன் வலைக்கு உள்பக்கம் நின்றான். கையில் ஒன்றும் இல்லை. அவனுக்குப் பின்னால் கொட்டில். முன்னுக்கு மெழுகுதிரியோடு பிலோமினா அக்கா.

"அவிழ் தம்பி" என்றார்.

"ஏலாது அக்கா. இது அட்டை மண்ணுக்குள்ளயிருந்து வெளிய வாற நேரம். இவ்வளவு சனமும் மிதிச்சால் ஒண்டும் மிஞ்சாது. இன்னும் கொஞ்ச நாளில எடுக்கவேண்டிய சாமான்."

"சுரூபம் எப்பவும் இதாலதான் போறது."

"தெரியும். நானும் தூக்கினனான்தானே."

பின்னால் நின்ற ஒருவர், துண்டு கேட்டுக் கிடைக்காதவர், தடியைப் பிடுங்கி எறியுங்கோ என்றார். இரண்டு மூன்று பேர் முன்னுக்கு வந்தார்கள். அமலன் ஒரு அடிகூடப் பின்னுக்கு வைக்கவில்லை. அக்காவைப் பார்த்து மெல்லத்தான் சொன்னான்:

"நில் எண்டு சொன்னது நீங்கள்தானே. இந்த ஊரில இப்ப நிக்கிறதெண்டா இப்பிடித்தான் நிக்கலாம்."

"நான் உன்னைக் கரையிலதான் நிக்கச் சொன்னனான்" என்றார் பிலோமினா அக்கா. "வழியில இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரசாங்க உத்தியோகத்தர் என்று அந்தத் தண்ணீருக்குள் நின்றது நான் ஒருத்திதான்.

மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். அவருடைய பதில் சரியானது. அனுமதி இருக்கிறது, வேலியைப் பிடுங்கினால் குற்றம், உடனே பொலிசுக்குச் சொல்லுங்கோ என்றார். போனைக் காதிலிருந்து எடுத்தபிறகும் அது கையில் வெளிச்சமாக இருந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெருக்கடியில் முதலில் வருகிற யோசனை, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்பதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வரும். ஆனால் கொடுக்கமுதல், அது போய்ச் சேர்கிற கையில் என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கவேண்டும். பொலிஸ் வந்தால் வேலி மிஞ்சும். அமலன் அந்த ஊரில் மிஞ்சமாட்டான். நான் வேலியை அவிழ்க்கச் சொன்னாலும் அவன் மிஞ்சமாட்டான். அடுத்த மாதமே பிளேன் ஏறவேண்டியதுதான்.

அப்போது காலில் ஒரு குளிர் பட்டது. தண்ணீர் திரும்பிவிட்டது. வற்று முடிந்து பெருக்குத் தொடங்கினால் முதலில் அப்படித்தான் ஒரு குளிர்ந்த நூல் கணுக்காலைச் சுற்றும். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளும் வயசு போன மனிசிமாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

நான் அமலனிடம் கேட்டேன். "அட்டையை நசியாமல் கையால எடுத்து அங்கால வைக்க ஏலுமோ?"

"ஏலும். ஆர் எடுக்கிறது மிஸ்? நான் தனியாள்."

"சுரூபம் போற அகலத்துக்கு மட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சனத்தைப் பார்த்தான். நான் சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்ற பாதரிடம், கூட்டைக் கொஞ்சம் பொறுத்துப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். கூட்டம் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் உத்தியோக காலத்திலேயே நீளமானது. நான் நினைத்தது சரியா என்று எனக்குத் தெரியாது. சனம் சிரித்திருக்கலாம். தடியைப் பிடுங்கியிருக்கலாம்.

பிலோமினா அக்கா மெழுகுதிரியைப் பக்கத்தில் நின்ற பெட்டையிடம் கொடுத்தார். திருநாள் சீலையை இடுப்பில் செருகினார். வலைக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து உள்ளே போய், தம்பிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எப்பிடி எடுக்கிறது, சொல்லு" என்றார்.

அமலன் தானும் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுக் காட்டினான். "நெரிக்காதேங்கோ. கைக்குள்ள ஏந்துங்கோ. தண்ணிக்கு மேல தூக்காதேங்கோ, பயந்தால் குடலைக் கக்கிப்போடும். கீழாலேயே கொண்டுபோய் அங்கால விடுங்கோ."

பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நண்டு பொறுக்குகிற பெண்கள்தான் முதலில். நானும் குனிந்தேன். சேற்று மணலுக்குள் விரலை விட்டால் மெத்தென்று ஒன்று தட்டுப்படும். அதற்குள் ஒரு உயிர் மெல்லச் சுருங்கும். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீருக்குக் கீழாலேயே, நித்திரையான குழந்தையை இடம் மாற்றுவதுபோல நடந்தோம். யாரோ விட்ட இடத்திலிருந்து மன்றாட்டைத் தொடங்கினார்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று குனிந்தபடியே சனம் பதில் சொன்னது. மேலே சுரூபம் அசையாமல் நின்றது. கீழே ஊர் முழுவதும் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டு இருந்தது. வெயில் சிவந்து தண்ணீரில் கரைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை. நினைக்கும்போது அது சத்தமில்லாமல்தான் வருகிறது.

தடியைப் பிடுங்கச் சொன்னவர் மட்டும் குனியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். அவருக்கும் நியாயம் இருந்தது.

அமலன் இரண்டு பக்கமும் வலையை அவிழ்த்தான். சுரூபம் போனது. கடைசி ஆள் திட்டியில் ஏறியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. அமலன் பூசைக்கு வரவில்லை. திரும்பி வள்ளத்தில் வரும்போது பார்த்தோம், அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு வலையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். கைபட்ட அட்டைகளில் கொஞ்சம் செத்துப்போனது. கொம்பனிக்காரர் வந்து அமலனை ஏசினார். என்னிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அது போதாது என்றார்கள். வர இருந்த பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது. இதையெல்லாம் உங்களுக்கு மறைக்கக்கூடாது.

அந்த மாதமே அமலன் தன்பாட்டில் வேலியைத் திருத்தினான். துண்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் கூடு தூக்குகிறவர்கள் போகிற அகலத்துக்கு வழி விட்டான். பிலோமினா அக்கா தடி பிடிக்கப் போனார். முதலில் தடியைப் பற்றி மட்டும் கதைத்தார்களாம். பிறகு தாயின் மருந்தைப் பற்றி. பிறகு பழையபடி.

இரண்டு அறுவடைக்குப் பிறகு, வாங்குகிறவர்கள் விலையை இறக்கினார்கள். உலகச் சந்தை அப்படி என்றார்கள். அமலனுக்கு உலகச் சந்தையோடு வாதாட இடமில்லை. தாயும் போய்ச் சேர்ந்திருந்தா. இந்த முறை அவன் வெளிநாடு போவதை அக்கா மறிக்கவில்லை. துண்டைத் தெற்கிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தான். கொடுக்கமுதல் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் திட்டிவரை நடந்து காட்டி, இதில் மட்டும் தடி நடக்கூடாது என்று சொல்லி, அவர் ஓம் என்ற பிறகுதான் கையெழுத்து வைத்தான். அந்த மனிதர் இன்றுவரை சொல் மாறவில்லை. மற்றக் கரைகளில் அப்படி வழிகள் எத்தனை மூடிப்போயின என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் இருக்காது. வற்று நேரத்தில், செருப்பில்லாமல், அங்குள்ள பெண்களோடு நடந்து பாருங்கள்.

ஓய்வு பெற்றபிறகு, இந்த வருஷத் திருநாளுக்கு நான் போனேன். ஊர்வலத்தில் சனம் குறைவு. கூடு தூக்க நாலு பேர் சேர்வதே கஷ்டமாக இருந்தது. பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தேன். நடுவழியில் அவருடைய போன் அடித்தது. அமலன். அவன் இருக்கிற நாட்டில் அப்போது வேலைக்குப் போகிற நேரம் போல. திரையில் அவன் தலையில் தொப்பி, பின்னால் மங்கலான ஒரு ஜன்னல்.

"அக்கா, உங்கட முகத்தைக் காட்டவேண்டாம். போனைக் கீழ பிடியுங்கோ" என்றான்.

அவர் தண்ணீரைப் பார்த்துப் பிடித்தார். அதில் எங்கள் கால்களும் மெழுகுதிரி வெளிச்சமும் மணலும் போயின. அப்படியே நடந்தோம். வெகுநேரம் கழித்து, "தண்ணி எவ்வளவு?" என்று கேட்டான்.

"முழங்காலுக்குக் கீழ" என்றார் அக்கா.

"அப்ப நேரம் கிடக்கு. ஆறுதலாப் போங்கோ."